நான்காம் வேற்றுமை கொண்டுவந்த சம்மன்

“லல்லி புட்பம்! லல்லி புட்பம்! லல்லி புட்பம்!”

கோர்ட் வராந்தாவில் நின்று டவாலி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். நான் அசையவில்லை. என் பெயர் லில்லிபுஷ்பம். எவளோ ஒரு லல்லியாம், பாவம், ஆளைக் காணோமே என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த ஆவுடையக்கா என் விலாவில் ஒரு இடி இடித்தாள். “டீச்சர், ஒங்களத்தான் கூப்பிடுதான். எந்திரிங்க.”

எழுந்தேன். நாற்பது பிள்ளைகளை ஒரே முறைப்பில் அடக்குகிறவள் நான். அன்றைக்கு ஆவுடையக்கா முதுகைப் பிடித்துத் தள்ளித்தான் நடந்தேன். நல்ல வெக்கை. கறுப்புக் கோட்டுகளின் வேர்வை வாடையும் பழைய காகிதக் கட்டுகளின் வாடையும் சேர்ந்து அடித்தது.

சாட்சிக் கூண்டில் ஏறும்போது சேலை தடுக்கி விழப்பார்த்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் அன்று நான் வாயைத் திறந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

ஒரு வாசகரின் கேள்வி

இந்தக் கோர்ட் கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம் ஒரு வாசகர். இந்தத் தொடரைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார்: “அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஆட்கள் ஏன் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறீர்கள்? உங்கள் சாமி உங்களோடு இருந்துவிட்டுப் போகட்டுமே. அதை எங்களிடம் சொல்லியே தீர வேண்டும் என்று உங்களை எது பிடித்துத் தள்ளுகிறது?”

கோபமெல்லாம் இல்லை ஐயா. இதே கேள்வியைச் சங்கரன்கோவிலில் என்னைக் கூண்டில் ஏற்றி, பொய் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள். உங்களுக்கும் அதே பதில்தான். ஆனால் அந்தக் கூண்டுக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

தூக்குவாளி

எழுபதுகளின் கடைசி. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வீட்டுக்காரர் தபால் ஆபீஸில் குமாஸ்தா. எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் சனிக்கிழமை தோறும் கைப்பிரதி கொடுக்கப் போவோம். நாலு பக்கத் தாள், மேலே ஒரு சிலுவைப் படம், உள்ளே சிறிய பிரசங்கம். மாதக் கடைசியில் எத்தனை வீடு போனோம் என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். அதிக வீடு போனவளுக்கு வருஷக் கடைசியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி.

ஆண்டவருடைய அன்பு நெருக்கித்தான் நான் போனேன் என்று இங்கே எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். எழுத மாட்டேன். தூக்குவாளிக்குத்தான் போனேன். அதைவிட, இரண்டு வருஷமாய் அதை வாங்கிக்கொண்டிருந்த எங்கள் எதிர்வீட்டுக்காரி மூன்றாவது வருஷமும் வாங்கிவிடக் கூடாதே என்று போனேன். வேண்டாம் என்று சொல்கிறவர்கள் வீட்டிலும் ஜன்னல் வழியே தாளைப் போட்டுவிட்டு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டவள்தான் இந்த லில்லிபுஷ்பம்.

எனக்கு விட்டிருந்த தெருக்களில் ஒன்று, தறிச் சத்தம் காதைப் பிளக்கிற தெரு. தெருவின் நடுவில் ஒரு முடுக்கு. இரண்டு வீட்டுச் சுவருக்கும் இடையே போகிற சந்துக்கு எங்கள் பக்கத்தில் முடுக்கு என்று பெயர். ஒரு தள்ளுவண்டி உரசாமல் போகிற அகலம் இருக்கும். அதன் கடைசியில்தான் ஆவுடையக்கா வீடு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தள்ளுவண்டியில் அடுப்பு வைத்து, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவிச்ச கடலை விற்றுப் பிழைத்தாள்.

நான் போனால் ஒற்றைக் கதவைச் சாத்திக்கொண்டு, மறு கதவில் கையை மட்டும் நீட்டித் தாளை வாங்கிக்கொள்வாள். “குடுங்க டீச்சர், வாரேன்” என்று கதவை அடைத்துவிடுவாள். ஒரு வாரம்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. என் கணக்கில் அது விதை முளைக்கிற நல்ல நிலம்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவளிடமே கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே சிலுவைப் படம்.

“என்னக்கா, இது நான் குடுத்த தாளுல்லா?”

“ஆமா டீச்சர். நல்ல தாளு. ஈரம் தாங்குது. அடுத்த வாரம் ரெண்டு சேத்துக் குடுங்க.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போனேன். அன்று நான் முடுக்குக்குள் நுழையவும் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வரவும் சரியாக இருந்தது. சுவரோடு சுவராகப் பல்லிபோல் ஒட்டி நின்றேன். அடுப்புக் கரி என் புதுச் சேலையில் முந்தானை முழுக்க அப்பிக்கொண்டது. எத்தனை வெளுப்பு வெளுத்தும் அந்தக் கறை போகவே இல்லை.

ஒரே எழுத்துப் பிழை

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஒரு கோடை விடுமுறையில் வாசுதேவநல்லூரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கன்வென்ஷன், அதாவது சபைப் பிரசங்கக் கூட்டம். பேசியவர் எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். தாளை வீசிவிட்டு வந்தால் ஆயிற்றா, வாய் திறந்து சாட்சி சொன்னீர்களா என்று கேட்டார். எனக்கு நேராக என்னைப் பார்த்தே கேட்டமாதிரி இருந்தது.

சாட்சி சொல்வது என்றால் எங்கள் சபைப் பேச்சில், ஆண்டவர் நம் வாழ்க்கையில் செய்ததைப் பிறரிடம் எடுத்துச் சொல்வது. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அப்படியே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்கு ஊரில் வேறு அர்த்தம் இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

பள்ளி திறந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை அந்தத் தெருவுக்குப் போனேன். முடுக்கைக் காணோம். அதன் வாயை அடைத்து ஆள் உயரத்துக்குப் புதுச் சுவர். சுவருக்குக் கீழே, தெருவில், ஆவுடையக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேனே தவிர, என்ன ஏது என்று கேட்கத் தோன்றவில்லை. மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனது மறந்துவிடுமே என்கிற அவசரம் எனக்கு.

“ஆவுடையக்கா, நான் இன்னைக்கு ஒங்களுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கா?”

“ஆமா, ஒங்களுக்குத்தான்.”

“எனக்கா டீச்சர்? எனக்கா சாட்சி சொல்லுதீய?”

உங்களிடம் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் இந்த அத்தியாயமே கிடையாது. நான்காம் வேற்றுமை உருபு ‘கு’ என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள், அந்தக் ‘கு’வை எங்கே போடுவது என்று யோசிக்காமல் போட்டுவிட்டேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரிய அழுகை. ஓடிப்போய் கடையில் ஒரு கலர் சோடா வாங்கி உடைத்துக் கொடுத்தாள். “குடிங்க டீச்சர். நீங்க நல்லாருக்கணும். நான் போயி சொல்ல வேண்டியவுககிட்ட சொல்லிட்டு வாரேன்” என்று செருப்புக்கூட இல்லாமல் ஓடினாள். நான் இன்னும் சாட்சியை ஆரம்பிக்கவே இல்லை. ஆரம்பிக்கும் முன்னாலேயே ஒரு ஆத்துமா இப்படி உடைகிறதே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து இதை விலாவாரியாகச் சொன்னேன். எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். எதிர்வீட்டுக்காரியின் முகம் போன போக்கை நான் கடைக்கண்ணால் பார்த்தேன்.

அமீனா வந்தார்

மூன்று வாரம் கழித்து, வகுப்பு வாசலில் கோர்ட் அமீனா வந்து நின்றார். கையில் சம்மன். ஆவுடையம்மாள் தொடுத்த பாதை வழக்கில் வாதி தரப்புச் சாட்சி, லில்லிபுஷ்பம் டீச்சர்.

விஷயம் இதுதான். அந்தத் தெருவின் தறிகளுக்கெல்லாம் நூல் கொடுக்கிற நூல்கடை அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். முடுக்குக்கு இரண்டு பக்கமும் அவர் வீடுகள்தான். ஆவுடையக்கா ஒரு கல்யாணத்துக்காக ராயகிரிக்குப் போன அன்று, ஒரே பகலில் சுவர் எழுப்பிவிட்டார். அங்கே எந்தக் காலத்திலும் பாதையே கிடையாது என்பது அவர் கட்சி. வீட்டுக்குப் பின்னால் சாக்கடை வாறுகாலைத் தாண்டிப் பலகை மேல் ஆள் போகலாம். வண்டி போகாது. அவள் பிழைப்பு சுவருக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த முடுக்கில் நடக்காதவர் தெருவில் ஒருவரும் இல்லை. ஆனால் அண்ணாச்சி நூலை நிறுத்தினால் தறி நிற்கும். அதனால் சாட்சி சொல்ல ஒரு ஆளும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு சாட்சி கொண்டு வாருங்கள் என்று அவளுடைய வக்கீல் சொல்லியிருந்த நேரத்தில்தான் நான் போய் அந்தக் ‘கு’வைப் போட்டு, அவள் பக்கம் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

சம்மனை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று போனேன்.

“என்னக்கா இது? நான் சொன்னது எங்க சாமியப் பத்தின சாட்சி. கோர்ட்டுக்கு வாரேன்னு எப்ப சொன்னேன்?”

அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அப்புறம் மெதுவாகக் கேட்டாள். “ஆனா நீங்க பாத்தீயள்லா டீச்சர்? அந்த முடுக்கு வழியாத்தான வந்தீய? வண்டிக் கரி ஒங்க சேலையில ஒட்டுச்சுல்லா?”

“ஒட்டுச்சு.”

“பெறகு?”

விடுமுறையில் கேட்ட பிரசங்கம் முழுவதும் இந்தப் ‘பெறகு’வுக்குள் இருந்தது. வந்த வேகம் எல்லாம் அடங்கி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

உப்புத் தண்ணீர் வீடு

நாங்கள் குடியிருந்ததோ அந்த அண்ணாச்சியின் மச்சினர் வீடு. மறுநாள் காலையிலேயே மச்சினர் வந்துவிட்டார். “டீச்சர், நீங்க மரியாதப்பட்டவுக. கோர்ட்டுக்குப் போறதா இருந்தா வேற வீடு பாத்துக்கிடுங்க. நான் வேற என்ன சொல்ல?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சபைக் கமிட்டியிலிருந்து ஒருவர் வந்தார். “நாம ஆத்துமாவுக்காகச் சாட்சி சொல்லுதவங்கம்மா. முடுக்குக்காக இல்ல. ஒரு கைப்பிரதி வாங்காத பொம்பளைக்காகச் சபைக்கு எதுக்கு வம்பு?” என்றார்.

“வாங்காம இல்லய்யா, நல்லா வாங்குவாங்க. கடலை மடிக்கதுக்கு” என்றேன். அவருக்கு அது ரசிக்கவில்லை.

உண்மையில் எனக்குப் பயம்தான். மெடிக்கல் லீவ் போட்டு வாசுதேவநல்லூருக்கு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். என் வீட்டுக்காரர் பரம சாது. பஸ்ஸில் இடம் பிடிக்கக்கூடக் கூச்சப்படுகிற மனிதர். போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைச் சாக்காக வைத்துத் தப்பிவிடலாம் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் ஆபீஸ் விட்டு வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

“திருவேங்கடம் போற ரோட்டுல ஒரு வீடு பாத்திருக்கேன். தண்ணி உப்பு. பரவால்லியா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைக் கட்டியவள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பெருமையாக இருந்தது.

கூண்டில்

வக்கீல் சிரித்ததில் எனக்குச் சுள்ளென்று வந்தது என்றேனே, அங்கே வருவோம்.

முதலில் எங்கள் வக்கீல் கேட்டார். முடுக்கு இருந்தது, மூன்று வருஷம் நடந்தேன், வண்டி வந்தது, கரி ஒட்டியது. பார்த்ததைச் சொன்னேன். பையிலிருந்து சேலையை எடுத்து முந்தானையை விரித்தும் காட்டினேன். அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“நீங்க மதம் மாத்துறவங்கதானே?”

“நான் டீச்சர்.”

“அந்தம்மா உங்க கோயிலுக்கு வர்றேன்னு சொல்லித்தானே இந்தச் சாட்சிக்கு வந்திருக்கீங்க?”

“வாரேன்னு அவங்க ஒரு நாளும் சொன்னதில்ல. மூணு வருஷமா நான் குடுத்த தாள்ல கடலை மடிச்சு வித்தவங்க.”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி தலையைக் குனிந்துகொண்டார். வக்கீலுக்குச் சுருக்கென்றது.

“அப்படின்னா எதுக்கும்மா வாராவாரம் போனீங்க? என்ன லாபம் உங்களுக்கு?”

சத்தியம் பண்ணியிருக்கிறேன். எதிரே பெஞ்சியில் எங்கள் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வேறு.

“மொதல்ல தூக்குவாளிக்குப் போனேன்யா. நெறைய வீடு போனா சங்கத்துல பரிசு குடுப்பாங்க.”

மறுபடியும் சிரிப்பு. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனால் அதைச் சொன்ன பிறகு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மேலே பேச வாய் தானாக வந்தது.

“எங்கம்மாவுக்கு நாப்பது வயசு வரைக்கும் எழுத்துத் தெரியாதுய்யா. பஸ் ஏறணும்னா நாலு பேருகிட்ட கேக்கணும். ஒருநாள் எவனோ வெளையாட்டுக்குன்னு ராஜபாளையம் பஸ்ல ஏத்தி விட்டுட்டான். அழுதுக்கிட்டே திரும்பி வந்தா. பெறகு சபையிலயிருந்து ஒரு அம்மா வந்து, தொழுவத்து வாசல்ல ஒக்கார வச்சு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்தாங்க. வாசிக்கப் படிச்சா. அன்னைக்கு வாசுதேவநல்லூருல பஸ் ஏறி இந்த ஊரு வார வரைக்கும், கடை போர்டு, மைல்கல்லு, உர வெளம்பரம் ஒண்ணு விடல, சத்தம் போட்டு வாசிச்சா. பஸ்ஸே சிரிச்சுச்சு. சின்னப் பிள்ள நான், வெக்கம் தாங்கல, வாய மூடும்மான்னு கெஞ்சினேன். எப்படிட்டி மூடுவேன், எனக்குத் தெரியுதேன்னு சொன்னா.”

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வக்கீலைப் பார்த்தே மேலும் சொன்னேன்.

“அதான்யா காரணம். எங்க வீட்டுக்கு அந்த அம்மாவக் கூட்டியாந்தது எங்க சாமி. எனக்கு அது தெரியும். தெரிஞ்சத வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல. கேக்கது கேக்காதது அவங்க இஷ்டம். முடுக்கும் அதே கததான். அங்கன பாதை இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதுக்கு அப்புறம் இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்?”

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேற கேள்வி இல்லை” என்றார்.

இறங்கும்போது எனக்குச் சேலை தடுக்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

சுவர் விழுந்த அன்று

அடுத்த வாய்தாவில் ஒரு அதிசயம் நடந்தது. அந்தத் தெருத் தறிக்காரப் பெண்கள் இரண்டு பேர், யாரும் கூப்பிடாமலே வக்கீலிடம் போய், நாங்களும் சாட்சி சொல்லுதோம் என்று நின்றார்கள். அதற்கு அடுத்த வாய்தாவில் மூன்று பேர். ஊரே தறியை நிறுத்திக்கொண்டு வந்தால் அண்ணாச்சி யாருக்கு நூலை நிறுத்துவார்? ஆவுடையக்கா பக்கம் தீர்ப்பானது. சுவரை இடிக்க உத்தரவு.

எங்கள் வாசகர் அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். இல்லை ஐயா, ஆவுடையக்கா ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆடித்தபசுக்குக் கோமதியம்மன் சன்னிதியில் முதல் ஆளாக நிற்கிறவள், கடைசிவரை அப்படியே நின்றாள். தூக்குவாளியும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வருஷம் முழுவதும் நான் போனது ஒரே தெரு.

சுவரை இடித்தது ஒரு சனிக்கிழமை காலை. கடப்பாரை விழுந்த ஒவ்வொரு அடிக்கும் பெண்கள் குலவை போட்டார்கள். உப்புத் தண்ணீர் வீட்டிலிருந்து நானும் வீட்டுக்காரரும் வந்திருந்தோம். குலவை போடத் தெரியாத நானும் போட்டேன், காது கிழிய. புழுதி அடங்குவதற்குள் உள்ளே சக்கரம் கிறீச்சிட்டது. எண்ணெய் காணாமல் பல மாதமாகக் கிடந்த வண்டி. பத்துக் கை சேர்ந்து தள்ளி, ஆவுடையக்கா முன்னால் நடக்க, செங்கல் துண்டுகள் மேல் ஏறி இறங்கித் தெருவுக்கு வந்தது. என் வீட்டுக்காரர், பஸ்ஸில் இடம் பிடிக்கக் கூசுகிற மனிதர், துண்டை எடுத்து வீசினார்.

வண்டி நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் என்று எல்லோரும் வழிவிட்டு நின்றோம். போகவில்லை. ஆவுடையக்கா அதை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, முடுக்கு வாசலில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“டீச்சர், அன்னைக்கு ஒங்க சாமியப் பத்தி என்னமோ சாட்சி சொல்ல வந்தீயளே. நான் கேக்கவே இல்ல. இப்பச் சொல்லுங்க.”

“கடலை அவிக்க நேரமாகலியாக்கா?”

“ஆகட்டும். நீங்க பாக்காததச் சொல்ல மாட்டீய. அது இந்த ஊருக்கே தெரியும்.”

அவள் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றப் பெண்களும் புழுதியிலேயே உட்கார்ந்தார்கள். எனக்கு மனப்பாடம் பண்ணினது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கைப்பிரதிப் பையைத் திறக்கவும் இல்லை. ஆண்டவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை, என் வீட்டில் நான் கண்டதை மட்டும் சொன்னேன். கண்ணீர் வந்தபோது அழுதுவிட்டுச் சொன்னேன். பத்து நிமிஷம்கூட இருக்காது.

முடித்துவிட்டு எழப் போனேன். ஆவுடையக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்” என்றாள்.